நிறுத்த மறந்த கடற்போர்

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது கேமை நிறுத்த மறந்துவிட்டோம். ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பழைய கடற்போரை வைத்து எங்கள் பெங்களூர் ஆபீஸ் தயாரிக்கும் கேம் அது. சோதித்துப் பார்க்கும் நாங்கள் நான்கு பேரும் கார்த்தேஜ் கப்பல்களுக்கு எங்கள் பெயர்களையே வைத்திருந்தோம்.

திங்களன்றும் போர் ஓடிக்கொண்டிருந்தது. டோரீன் உள்ளங்கைகளைக் காட்டினாள். துடுப்புப் போட்டதுபோல் கொப்புளங்கள். கிஷோருக்கும் இருந்தன. எனக்கும்தான்.

எரிக் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. திரையில் அவன் கப்பலைக் காணோம். அவன் நாற்காலி ஈரமாக இருந்தது. மதியம் காய்ந்தபோது அதில் உப்புப் பூத்திருந்தது.

கிஷோர் கேமை நிறுத்தப் போனான்.

"வேணாம் கிஷோர்," என்றாள் டோரீன். "நம்ம மூணு கப்பலும் இன்னும் நடுக்கடல்லதான் இருக்கு."