ஒன்பது அங்குலம்

அவர், கார் ஷெட்டின் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

மனைவி சமையலறைக்குப் போகும் படியில், மடியில் முருங்கைக்கீரையோடு.

கொத்தனார் மாடசாமி ஷெட் வாசலில் குத்துக்காலிட்டு, தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டு.

வேறு யாரும் இல்லை. காரும் இல்லை.

தெருவில் மூன்றாம் முறையாகப் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுவிட்டார்கள். வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. தெரு ஏறிவிட்டது. போன ஐப்பசியில் ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர்.

மகளுடைய மேசையின் கால்கள் ஊறி வெடித்தன.

அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்று, அந்த மேசையைத் தூக்கி ஷெட்டில் போட்டவர் அவர்தான்.

ஆறு வருடம்.

வாசலுக்குக் குறுக்கே சிமெண்டு மேடு கட்டினால் தண்ணீர் ஏறாது என்றார் மாடசாமி. ஒன்பது அங்குல உயரம் வேண்டும். சரிவு இழுக்கத் தெருவில் இடமில்லை. சின்னக் கார் என்றால் அடிப்பாகம் மேட்டில் தட்டும்.

"உள்ள கார் நிப்பாட்டுவீகளா அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

"நிப்பாட்டுவோம்" என்றாள் மனைவி, கீரையிலிருந்து தலை நிமிராமல்.

மாடசாமி காலி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். "கண்ணுல காணாத காருக்கு எப்படிக்கா அளவெடுக்க?"

காருக்காக மேட்டைக் குறைத்தால், பெருமழைக்குத் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும் என்றும் சொன்னார்.

"வந்தா இறைச்சு ஊத்திக்கிடலாம்" என்றாள் அவள்.

மாடசாமி ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் வைத்தார்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டப வாசலில், மகள் கார் ஓட்டி வந்து இறங்கியதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தார். வெள்ளைக் கார். என்ன கார் என்று கவனிக்கவில்லை. போன் நம்பரை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. ஓசூர் முகவரியை மட்டும் கொடுத்திருந்தாள்.

நாற்காலியிலிருந்து எழுந்து, பத்து நாள் பொறுக்கச் சொல்லி மாடசாமியை அனுப்பிவைத்தார்.

உள்ளே போய்த் தாள் எடுத்தார். இடது ஓரத்தை ஒரு விரல் அகலம் மடித்தார். ஊர், தேதி. அன்புள்ள செண்பகவல்லிக்கு.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"காரைப் பத்தி மட்டும் கேளுங்க. எப்ப வாரேன்னு கேட்டுறாதீங்க."

அவர் அதைக் கேட்கவில்லை.

ஒன்று: உன் காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதவும்.

இரண்டு: காரின் நீளம்.

மூன்று: ஆள் ஏறினால் கார் தாழும். ஆகையால் எத்தனை பேர் ஏறி வருவீர்கள் என்பதையும் குறிப்பிடவும்.

மூன்றாவதை எழுதி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

நான்காவது இல்லை. இப்படிக்கு, அப்பா.

உறையில் பெறுநர் என்று எழுதிக் கோடிட்டார். பெரிய குடியிருப்பு, வீடு மருமகன் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர் போடாவிட்டால் தபால் போய்ச் சேராது என்று எதிர்வீட்டுக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அவர் வாயால் ஒரு தடவையும் சொல்லாத பெயர். 'அவன்' என்பார். அதுவும் எப்போதாவது.

பேனாவை உதறிக்கொண்டார்.

லூர்துராஜ்.

நல்ல கையெழுத்தில்தான் எழுதியிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் இடம் மிச்சமிருந்தது.

'திரு.' என்று சேர்த்தார்.

மனைவி உறையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு பசை தடவி, முந்தானையால் அழுத்தி ஒட்டினாள்.

பெட்டியிலிருந்து தபால் எடுக்க இன்னும் அரை மணி இருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அவர் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினாள்.