பதினோரு கிலோ

"என்ன பெருசு, மீசையை எடுத்துடலாமா?"

ஜிம் மாஸ்டர் வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு நின்றார். எடை மெஷின் மேல் கிரேன் ஆபரேட்டர் நின்றிருந்தார். முள் தொண்ணூற்றெட்டைக் காட்டியது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மெஷின் இதே ஆளுக்கு நூற்றொன்பது காட்டியிருந்தது.

வாசல் ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் உர்ரென்று பார்த்தார். முப்பது வருஷம் குடோனில் மூட்டை சுமந்த ஆள். தொப்பையைக் குறைக்க இரும்பைத் தூக்க வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

"நான் தூக்காத எடையாய்யா? மூட்டை தூக்கித் தூக்கி எனக்குப் பசிதான் எடுத்துச்சு. எங்க மேஸ்திரி தொப்பை கடைசி வரைக்கும் அவருக்கு முன்னால நடந்து போச்சு. இந்த ஆளு வெறும் இரும்புல ஒரு கிலோ குறையட்டும், என் மீசையை எடுத்துடறேன்" என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தார்.

ஆபரேட்டருக்கு இது விளையாட்டு இல்லை, வயிற்றுப்பாடு. நூறு கிலோவைத் தாண்டினால் பாதுகாப்பு பெல்ட் தாங்காது, கேபினுக்கு ஏற விடமாட்டோம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் எடை பார்ப்பார்கள். தவறினால் இருபது வருஷம் உட்கார்ந்த சீட் போய்விடும்.

"மெஷின்ல கோளாறு" என்றார் வாட்ச்மேன்.

மாஸ்டர் ஆபரேட்டரை இறக்கிவிட்டு இருபது கிலோ பிளேட்டை மெஷின் மேல் வைத்தார். முள் இருபதில் நின்றது.

"நடை கிடையாது, ஓட்டம் கிடையாது, பத்தியம் கிடையாது. வெயிட் மட்டும்தான்!" மாஸ்டர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். "நீங்களே சொல்லுங்க சார்."

"சத்தியமா. முன்ன விட டபுளா சாப்பிடறேன். அப்பவும் எறங்கிக்கிட்டே இருக்கு." ஆபரேட்டர் பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்து உதட்டைத் துடைத்தார். "இருங்க, ஒரு நிமிஷம்" என்று கழிவறைப் பக்கம் ஓடினார்.

"வந்ததுலேருந்து நாலாவது தடவை" என்று ஒருவன் கத்தினான். "பாதி எடை அதுலயே போயிருக்கும்!"

கூடமே சிரித்தது. வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வந்த ஆபரேட்டரை மேலும் கீழும் பார்த்தார். மூன்று மாதம் இரும்பு தூக்கிய கை சூம்பிக் கிடந்தது. அதில் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"என்ன பெருசு, பேச்சையே காணோம்? சொன்ன சொல் காத்துல போச்சா?"

வாட்ச்மேன் எழுந்தார். மாஸ்டர் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கினார். கண்ணாடி முன்னால் நின்று, பத்து வருஷமாக முறுக்கி வைத்திருந்த மீசையைக் கறக் கறக்கென்று வெட்டி எறிந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது.

"அப்படிப் போடு! இப்பவாவது ஒத்துக்கய்யா, ஜெயிச்சது யாரு, என் இரும்பா உன் வாயா?"

வாட்ச்மேன் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆபரேட்டர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாளைக்குக் கிரேன்ல ஏறாம ரத்தத்தச் சோதிச்சுப் பாரு, சர்க்கரை வந்தப்ப எனக்கும் இப்படித்தான் எறங்குச்சு."