வேளை தவறாமல்

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வல்சலாவின் காது முன்னறையில்தான் இருந்தது. கணவர் சுகதனும் கட்சித் தோழர் பவித்ரனும் வந்ததிலிருந்து சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

"காலையில புட்டும் கடலையும் எட்டரைக்குள்ள முடிச்சிடணும் பவித்ரா. வேளை தப்பினா உடம்பு தாங்காது."

"பதினொரு மணிச் சாயா?"

"அதை விட முடியுமா? உன் இடத்துல வேற ஆள் உட்காருவான், நீ போய்க் குடிச்சிட்டு வா."

"மத்தியானம் சோறும் மீன்கறியும் இல்லாட்டி எனக்குக் கை நடுங்கும் தோழரே."

"யாருக்குத்தான் நடுங்காது? மனுஷனுக்கு நேரத்துக்குச் சோறுதான் முக்கியம். எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் உட்கார ஆள் கிடைக்கல."

யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இத்தனை ஏற்பாடு என்று கேட்கத்தான் வல்சலா வெளியே வந்தாள். தரையில் விரித்த துணியில் பவித்ரன் சிவப்பு பெயின்ட்டால் எழுதிக்கொண்டிருந்தான்.

'பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறுத்திய மதிய உணவை உடனே வழங்கு! தோழர்களின் தொடர் உண்ணாவிரதம்.'

"ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவுல முறை வச்சு உட்காருவோம். யாருக்கும் ஒரு வேளைகூடத் தவறாது," என்று சுகதன் பெருமையாக விளக்கினார்.

வல்சலா அவரையே பார்த்தாள். "அப்போ மத்தியானம் நிஜமாவே பட்டினி கிடக்கிறது அந்தப் பிள்ளைங்க மட்டும்தானா சேட்டா?"

சுகதனின் முகம் மலர்ந்தது.

"பவித்ரா, ஆள் கிடைச்சாச்சு. அந்த ஒரு மணி நேரத்துக்கு அதுங்களைக் கூட்டிட்டு வந்து பந்தல்ல உட்கார வச்சிடு."