போட்டுக் கொடுத்தவன்

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டார் தவசி.

மேனேஜர் செல்வக்குமாருக்கு எப்போதும் பெரிய குரல். நிட்டிங் மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. "யாரு சொன்னா என்னங்க? உங்க நல்லதுக்குத்தானுங்க. ஞாபகம் தப்புதுன்னு சொன்னாங்க. ஒருக்கா டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்க. அதுவரைக்கும் மெஷின்ல நிக்க வேண்டாங்க."

"மூக்கையாவா?"

செல்வக்குமார் மேஜையில் இருந்த பேப்பரைப் புரட்டினார். தவசிக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேலம்பாளையத்தில் இருக்கும் அந்த பனியன் துணி யூனிட்டில் தவசிக்கு இருபத்திரண்டு வருட வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் அவரும் மூக்கையாவும். அடுத்தடுத்த மெஷின். வேலைக்குப் போவதும் வருவதும் மூக்கையாவின் வண்டியில்தான்.

கொஞ்ச நாளாகத் தவசிக்கு வேலையில் தப்பு வந்துகொண்டிருந்தது உண்மைதான். முப்பதாம் நம்பர் நூல் போடச் சொன்னால் நாற்பதாம் நம்பரை ஏற்றிவிடுவார். போன வாரம் ஒரு ரோல் துணியே வீணானது.

"கூடவே திரிஞ்சவன் முதுகுல குத்திட்டான்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

மனைவி பாண்டியம்மாளுக்கும் மனசு ஆறவில்லை. "மூக்கையாண்ணனா இப்படிச் செஞ்சாரு? வேலை போச்சுன்னா நாம எங்க போறது?"

மறுநாள் காலையில் மூக்கையா வழக்கம்போல வண்டியோடு வாசலில் வந்து நின்றார். தவசி கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. தவசியின் அண்ணனுக்கு அறுபது வயதில் மறதி நோய் வந்தது. ஒருநாள் வீட்டை விட்டுப் போனவரை மதுரை பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார்கள். பேர் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தவசிக்கு இப்போது ஐம்பத்தேழு. அந்த நாளை எண்ணித்தான் இத்தனை நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தார்.

இப்போது வேறு வழியில்லை. பாண்டியம்மாளோடு போனார்.

டாக்டர் வினிதா முகம் பார்த்து, நிதானமாகக் கேள்வி கேட்டார். கிழமை, மாதம், கழித்தல் கணக்கு. ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். தவசி ஐந்தையும் சொன்னார்.

டாக்டர் எழுந்து போய், தவசியின் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தபடி, "ஐயா, அந்த பெஞ்சுல போய் உட்காருங்க" என்றார்.

தவசி அசையவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்? இப்பச் சொன்னது இப்பவே மறந்துருது" என்று பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"மறக்கலைம்மா. அவருக்குக் கேக்கவே இல்லை. வீட்டுல டிவியைச் சத்தமா வைப்பாரா?"

"தெருமுனை வரைக்கும் கேக்கும்."

காதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருட மெஷின் சத்தம் இரண்டு காதையும் பாதிக்கு மேல் தின்றிருந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல்.

"உங்க ஞாபகம் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா காது கேக்காம அப்படியே விட்டா பேச்சு குறையும், பழக்கம் குறையும், மூளைக்கும் வேலை குறையும். பின்னால மறதி நோய் வர்ற வாய்ப்பு அதனால கூடும்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. பிரஷரும், உங்க பையில தெரியுற பீடியும் அப்படித்தான். இதெல்லாம் நம்ம கையில இருக்கிற விஷயம்."

"எங்க அண்ணனுக்கு வந்துச்சுங்களே?"

"அண்ணனுக்கு வந்ததால உங்களுக்கும் வந்தே தீரும்னு கிடையாது. வராமலே போயிடும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வாய்ப்பைக் குறைக்கலாம். இன்னைக்கே ஆரம்பிங்க."

தவசி சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து வெளியே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்தார். பஸ்ஸில் பாண்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

ஒரு மாதத்தில் காதுக்கு மெஷின் வந்தது. மாட்டிய அன்று, குக்கர் விசில் இவ்வளவு கூர்மையா என்று ஆச்சரியப்பட்டார். பிரஷர் மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, காலையில் முக்கால் மணி நேரம் நடை. செல்வக்குமார் அவரை மறுபடி மெஷினில் நிறுத்தியதோடு, ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தார்.

மூக்கையாவோடு மட்டும் பேச்சு இல்லை.

"அவராலதான் இன்னைக்கு நல்லா இருக்கீங்க. போய் ஒரு வார்த்தை பேசுங்க" என்று பாண்டியம்மாள் தினமும் சொன்னாள். கடைசியில் ஒரு சாயங்காலம் கம்பெனி எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். மூக்கையா தனியாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தேறிட்டேன். அதுக்கு நீதான் காரணம். இல்லைங்கல" என்றார் தவசி. "ஆனா ஆபீஸ்ல போய்ச் சொல்றதுக்கு முன்னாடி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதுதான்டா எனக்கு ஆறலை."

மூக்கையா டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தவசியின் காதையே பார்த்தார்.

"சொன்னேன் மாப்ள. இங்கனயே வச்சு நாலு தடவை சொன்னேன். உன் வேலைக்கு எதுவும் ஆயிரக் கூடாதேன்னு, பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேக்காம மெதுவாச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்னேன். நாலு தடவையும் நீ சிரிச்சுக்கிட்டே 'சரிடா, சரிடா'ன்னு தலையாட்டிட்டு டீயக் குடிச்ச."