இலை மட்டும் போதும்

சாமிதுரையின் வயல் கரும்பச்சையாக நின்றது. செம்மொழியின் கம்ப்யூட்டரோ அதை மஞ்சள் என்று அடித்துச் சொன்னது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

செம்மொழி இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய செயலி அது. நெல் இலையோடு சேர்த்து ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அட்டையின் வெள்ளையை வைத்து வெயில், மேகம் எல்லாவற்றையும் செயலி கழித்துவிடும். இலையை மட்டும் வெட்டியெடுத்து, அதிலுள்ள சிவப்பு, பச்சை, நீலத்தை ஒரே எண்ணாக மாற்றும். நூற்றை ஒட்டி வந்தால் பச்சை. எழுபதை ஒட்டி வந்தால் மஞ்சள். யூரியா போட வேண்டும். உடனே போனுக்குச் சீட்டு வரும். தட்டுப்பாடான இந்த நேரத்தில் அந்தச் சீட்டு இருந்தால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் காசு கொடுத்தாலும் மூட்டை கிடைக்கும்.

சாமிதுரை ஏற்கெனவே இரண்டு மூட்டை வாங்கிவிட்டார். மூன்றாவது படமும் வந்துவிட்டது. எழுபத்திரண்டு.

இந்தத் தடவை சீட்டு போகாமல் செம்மொழி நிறுத்திவைத்தாள். சங்கச் செயலாளர் அப்துல் ஹமீது போன் போட்டார். ஊரிலேயே கருகருவென்று நிற்கும் வயலுக்கு மூட்டை மூட்டையாக உரம் போவதைப் பார்த்து மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம்.

"உங்க கம்ப்யூட்டருக்கு என்ன காமாலையாம்மா? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா இதை மூட்டை கட்டி வச்சிடுவோம்" என்றார்.

செம்மொழிக்குத் தூக்கம் போனது. சிவப்பையும் நீலத்தையும் செயலி இடம் மாற்றிப் படிக்கிறதோ என்று பார்த்தாள். இல்லை. நிறத்தை வேறொரு முறையில் மாற்றிப் பார்த்தாள். அதிலும் மஞ்சள்தான். மற்ற நாற்பது பேரின் வயலும் சரியாக வருகிறது, இவருடையது மட்டும் ஏன் இப்படி? ஒருவேளை ஆள் ஏமாற்றுகிறாரா? கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவள் கறார். செயலியில் விவசாயிகளின் பெயர் சேர்த்த அன்று பட்டா இல்லாத ஒருவரைக்கூட அவள் பட்டியலில் ஏற்றவில்லை. அப்படிப்பட்ட பட்டியலிலா இந்தக் கூத்து?

வியாழக்கிழமை காலை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி, வயலுக்கே போய்விட்டாள்.

சாமிதுரை வரப்பில் நின்று சிரித்த முகமாக "வாங்கம்மா" என்றார். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவர் பயிரில் ஓர் இலையைப் பிடித்து, தானே படம் எடுத்தாள். தொண்ணூற்றெட்டு.

"நேத்து நீங்க அனுப்புனது எழுபத்திரண்டு. ஒரே ராத்திரியில மஞ்சள் பச்சையாயிடுமாங்க?"

"மேகமா இருந்துச்சும்மா."

"மேகத்தைக் கழிச்சுடுவோம்."

"அப்ப, போன் பழசு. அதுவா இருக்கும்."

அவருக்குப் பொய் சொல்லவும் சரியாக வரவில்லை. வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். செம்மொழிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"அடிச்சிடுங்க. இந்த ஒரு சீட்டை மட்டும் குடுத்துட்டு அடிச்சிடுங்கம்மா" என்றார்.

இப்படியும் ஒரு பேராசையா என்று அவளுக்கு வெறுத்துப்போனது. அத்தாட்சியாக வைத்துக்கொள்ளலாமென்று, அவர் அனுப்பிய படத்தை முழுதாகத் திறந்தாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் செயலி வெட்டிக் கொடுத்த இலையைத்தான். மீதிப் படத்துக்கு அங்கே என்ன வேலை? இலை மட்டும் போதும் என்று எழுதிவைத்தவளே அவள்தான்.

முழுப் படத்தில், வெள்ளை அட்டையை ஒரு கை பிடித்திருந்தது. சாமிதுரையின் கை அல்ல. பெண் கை. மங்கிப்போன ரப்பர் வளையல், அதில் ஓர் ஊக்கு, ஊக்கில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி.

"இது யார் கை?"

சாமிதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்சம். வாய்க்கா கடைசியில ஒரு ஏக்கர் குத்தகைக்கு வச்சிருக்கு. நான் தக்கைப்பூண்டு வெதச்சு அதையே உரமா மடக்கி உழுதவன், எனக்கு யூரியா தேவைப்படல. அதுக்குப் பயிரெல்லாம் வெளுத்துப் போச்சு. பட்டா இல்லாததால பேர் சேக்கலையாம், பேர் இல்லாததால சங்கத்துல மூட்டை இல்லை. அதான், அது வயல் இலையை என் போன்ல எடுத்து அனுப்புனேன். எனக்குன்னு ஒரு புடி உரம் எடுக்கல. தப்புதான், ஒத்துக்கறேன். போட்ட ரெண்டு மூட்டை பத்தல, இந்தத் தடவை மட்டும் போட்டுட்டா அந்தப் பயிர் தேறிடும்மா."

கம்ப்யூட்டரில் ஒரு தப்பும் இல்லை. மஞ்சளை மஞ்சள் என்றுதான் அது சொல்லியிருக்கிறது.

செம்மொழி சீட்டை அனுப்பினாள். ஆனால் அந்தச் சாவி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று குழம்பினாள்.

பெயர் சேர்த்த அன்று. அவள் மேஜைக்கு ஒரு ரேஷன் கார்டு நீண்டு வந்தது. பிடித்திருந்த கையில் அந்தச் சாவி ஆடி, மேஜையில் டக்கென்று பட்டது. அவள் பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பட்டா இல்லாம முடியாதும்மா. அடுத்த ஆள் வாங்க."

சாவி நினைவிருக்கிறது. வளையல் நினைவிருக்கிறது. அந்த அம்மாவின் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.