மூச்சடக்கத் தெரிந்தவர்

"இழுங்க... நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க!"

கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவர் பிடித்தார். நெஞ்சு ஒரு நூல்கூட அசையவில்லை. ஸ்டாப் வாட்சும் கையுமாக நின்ற அரை டாக்டருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

அரை டாக்டர் என்பது நர்சுகள் வைத்த பெயர். எம்.ஆர்.ஐ. படத்தில் புற்றுநோய்க் கட்டியைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் புரோட்டான் கதிர் பாய்ச்சுவது பற்றி ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். "மாப்பிள்ளை, இந்தப் படிப்பு இந்த ஜென்மத்துல முடியுமா?" என்று மாமனார் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இன்னும் ஒரே ஒரு நோயாளி கிடைத்துவிட்டால் முழு டாக்டர்.

மூச்சு விட விட நுரையீரல் அசையும்; கட்டியும் கூடவே நகரும். நகருகிற கட்டியைத் துரத்திப் பிடிக்கத்தான் இந்த மெஷினே. வாசலில் மாட்டியிருக்கும் போர்டும் அப்படித்தான் பெருமையடிக்கிறது. ஆனால் பேராசிரியரின் கட்டளை வேறு.

"அசையாத ஆளாப் பாத்து எடுப்பா. ரிசல்ட் அழகா வரணும். முதல்ல பட்டத்தை வாங்கு, ஊரை அப்புறம் காப்பாத்தலாம்."

ஆக, மூச்சுத் திணறுகிறவர்களுக்காகச் செய்த மெஷினில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மட்டும் இடமில்லை. கேட்டால் வயிறு எரியும். காலையில்கூட ஒரு பஸ் டிரைவரைத் திருப்பி அனுப்பினான். அவர் படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது கட்டிலருகே நிற்கும் அம்மாள் போன வாரம் ரிப்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு தனியாக வந்திருந்தாள். கணவனுக்கு இதயத்தை ஒட்டி நுரையீரலில் கட்டி. சாதாரணக் கதிர் வைத்தால் இதயமும் கெட்டுவிடும் என்று போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

"இங்கயும் இல்லைன்னா எங்களுக்கு வேற போக்கிடம் இல்லீங்க" என்று அழுதவளிடம் அரை டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "மூச்சடக்கத் தெரியணும்மா. நடுவுல இருமினா சேத்துக்க மாட்டோம்."

இன்று ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பிரமாதம் சார்! இந்த வியாதியை வச்சுக்கிட்டு எப்படி இப்படிப் பிடிக்கிறீங்க?"

படுத்திருந்தவர் அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள். "சின்ன வயசுல முங்கு நீச்சல் அடிச்ச பழக்கங்க."

கதவுக்கு வெளியே பெஞ்சில் யாரோ குடலே வெளியே வந்துவிடும்போல் இருமினார். அந்த அம்மாள் பதறி எழுந்து தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

"யாரும்மா அது?"

"எங்க வீட்டு ஆளுதாங்க. கூட வந்தாரு."

"முதல்ல அவரை யாராவது நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த இருமல் நல்லதுக்கில்ல."

"காட்டணுங்க" என்றாள்.

அரை டாக்டர் ஃபைலில் கையெழுத்தைக் கிறுக்கினான். "சேத்தாச்சு! வாங்க, கையோட எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துடலாம்."

"இன்னைக்கேவா?" அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "நாளைக்கு வர்றோமே சார்... இன்னைக்கு டெஸ்ட் மட்டும்தான்னு நினைச்சோம்."

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதும்மா."

நல்ல காரியம் யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. நர்ஸ் வந்து வாட்ச்சையும் பெல்ட்டையும் கழற்றச் சொன்னாள். அந்த மனிதர் மெல்லக் கேட்டார். "கதிரும் இப்பவே வச்சிடுவீங்களா?"

"சேச்சே, படம் மட்டும்தான்."

அவர் மறுபடி அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் உள்ளே போய்ப் படுத்தார்.

மெஷின் தடதடவென்று அடித்து ஓய்ந்தது. திரையைப் பார்த்த அரை டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டான். இன்னொரு முறை எடுத்தான். பழைய ரிப்போர்ட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருந்த இடம் துடைத்து விட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

பேராசிரியருக்குப் போன் போட்டான். "சார், கட்டியே காணோம்!"

"காணோமா? நாசமாப் போச்சு! அந்த ஃபைலை மூடிட்டு வேற ஆளைப் பிடி" என்று வைத்துவிட்டார். ஓர் உயிர் பிழைத்த சேதிக்கு அந்த அறையில் கிடைத்த மரியாதை அதுதான்.

கைக்கு எட்டிய பட்டம் வாய்க்கு எட்டாமல் போன எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தவரின் முதுகை அந்த அம்மாள் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதிர்ஷ்டக்காரங்கம்மா நீங்க. உங்க வீட்டுக்காரருக்குக் கட்டியே இல்ல. ஃபைலை மூடியாச்சு. இனிமே நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்."

அவள் சந்தோஷத்தில் காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ஐயோ, மூடிடாதீங்க சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பெஞ்சில் இருந்தவர், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். இருமல் அடங்கப் பார்த்தார், அடங்கவில்லை. இருமலுக்கு நடுவிலேயே சொன்னார்.

"கட்டி என்னோடதுங்க. மூச்சு மட்டும்தான் என் தம்பியோடது."