ஆணி டயர்

"தம்பி, இருட்டறதுக்குள்ள கணவாயைத் தாண்டித் தலாஸ் ஊருக்குப் போகணும். பனிக்கு ஏத்த டயரா சீக்கிரம் மாட்டு!"

கறுப்புச் சொகுசுக் காரிலிருந்து இறங்கிய அம்மாள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். தலையில், அந்த ஊரில் கல்யாணத்துக்காகக் கடத்தி வந்த பெண்ணுக்குக் கட்டாயமாகக் கட்டும் வெள்ளை முக்காடு. டயர் கடை ஜெங்கிஷுக்குப் புரிந்துவிட்டது. பெற்றவள் மகளை மீட்டுப் போகிறாள்!

"துரத்தி வருவானா அக்கா?"

"விடுவானா அவன்? அதுக்குள்ள பொண்ணை அவ வீட்டுல சேர்த்தாகணும்!"

"இந்தப் பெரிய சக்கரம் பகட்டுக்குத்தான், பனியில வழுக்கும். பதினெட்டு அங்குலத்துல, பனியைக் கவ்வுற ஆணி பதிச்ச டயர் இருக்கு. அதைவிடச் சின்னதுன்னா பிரேக்குல இடிக்கும்."

"பேச்சை விடு, மாட்டுப்பா!"

நான்கையும் மாட்டியதும் கார் பறந்தது.

சற்று நேரத்தில் ஒரு பழைய வேன் சறுக்கிக்கொண்டே வந்து நின்றது. கல்யாணச் சட்டையோடு ஓர் இளைஞன் குதித்தான்.

"கறுப்புக் கார் வந்துச்சா?"

"வந்துச்சு, போயிடுச்சு. பொண்ணை அவ அம்மாவே கூட்டிட்டுப் போறாங்க. உனக்கென்னடா வலிக்குது?" என்று சீறினான் ஜெங்கிஷ்.

இளைஞன் அழாத குறையாகச் சொன்னான்.

"அவ அம்மா இல்லைய்யா... எங்கம்மா!"